சிவப்பியின் வயிறு

பசுவைத் தாய் என்போம். பட்டிப்பொங்கலன்று குளிப்பாட்டிப் பொட்டிட்டு மாலை சூட்டுவோம். மறுநாள் தொடக்கம் அதற்கு நாம் எதனை ஊட்டுகிறோம் என்று ஆராய்வதில்லை. அச்சுவேலியில் எமது வேலிக்கு அப்பால் நிகழ்ந்த ஒரு சம்பவமே எம்மை அந்த ஆராய்ச்சிக்கு இழுத்து வந்தது.

அயல்வீட்டு ஆச்சிக்கு உடைமை என்று சொல்லத்தக்கது சிவப்பி என்னும் பசு ஒன்றே. காலைப் பாலின் வருவாயிலேதான் அவரது அடுப்பு எரியும். சென்ற ஆவணியில் ஒருநாள் சிவப்பி வைக்கோலைத் தொடவில்லை; அசைபோடவில்லை; முதுகை வளைத்து முனகி நின்றது. இடப்பக்க வயிறு உப்பியிருந்தது.

"தம்பி, சிவப்பி சாகப்போகுது, ஒருக்கா வந்து பார் ராசா" என்று ஆச்சி வேலிக்கரையில் நின்று கதறினார்.

அரசாங்கக் கால்நடை வைத்தியர் வந்தார். தாமதித்தால் உயிர் தங்காது என்றார். மாட்டுக்கொட்டிலே சத்திரசிகிச்சைக் கூடமாயிற்று. விறைப்பு ஊசி ஏற்றி, நின்ற நிலையிலேயே இடப்பக்க வயிற்றைக் கீறினார். நாம் விளக்குப் பிடித்தோம். கை கையாக வெளிவந்தது புல்லன்று: பொலித்தீன் பைகள், சோறு சுற்றிய தாள்கள், நைலோன் கயிற்றுத் துண்டுகள், ஈற்றில் விரல் நீளக் கம்பி ஒன்று.

பசு நாவினால் வளைத்து, நன்கு மெல்லாமலே விழுங்கும் பிராணி. கம்பி போன்ற கனமான பொருள் இரண்டாம் இரைப்பையிலே தங்கிவிடும். அதற்கு முன்னே உதரவிதானம். அதற்கும் முன்னே இதயம். இரைப்பை சுருங்கும்போதெல்லாம் கம்பி குத்திக்கொண்டு முன்னேறக்கூடும் என வைத்தியர் விளக்கினார்.

குவியலிலே ஒரு பை எம்மைத் திடுக்கிட வைத்தது. சித்திரைப் புத்தாண்டுக்கு நாம் புடைவை வாங்கிய கடையின் பை அது. மீந்த சோற்றை அதிலே கட்டி ஒழுங்கை முகப்பில் எறிந்தவர்கள் நாமே. சூழல் பாதுகாப்பைக் கட்டுரைத் தலைப்பாக மாணவருக்குக் கொடுத்தவர்களும் நாமே!

ஆச்சியிடம் உண்மையைச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. "சோறு மணந்தால் மாடு விடுமே, தம்பி?" என்று மாத்திரம் கேட்டார். ஏசியிருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இது ஒரு கொட்டிலின் கதை மட்டுமன்று. 2019 ஒக்டோபரில் சென்னையில், கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அகற்றினர். அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டிலே பிளாஸ்டிக்கைத் தின்று மாண்ட யானைகளைப் பற்றி 2022இல் உலகமே பேசியது.

சோறு சுற்றும் பொலித்தீன் தாளை எமது நாட்டுச் சட்டம் 2017இலேயே தடைசெய்தது. ஆயினும் சிவப்பியின் வயிற்றுக்குச் சட்டம் எட்டவில்லை. பையைச் செய்து இலாபம் பெறுபவர் ஒருவர். வாங்கி வீசுபவர் இன்னொருவர். நட்டத்தைச் சுமப்பவரோ மேய்ச்சல் தரை இழந்து, மாட்டை ஒழுங்கையிலே அவிழ்த்துவிடும் ஏழை. இந்தக் கணக்கை எந்தப் பாடநூலில் கற்பிக்கிறோம்?

சிவப்பி பிழைத்தது. மருந்து ஏற்றிய நாள்களிலே பாலை விற்க முடியவில்லை. அந்த நட்டத்தை நாம் கொடுத்தோம். அது தருமமன்று, கடன். இன்று எமது வீட்டு மீந்த சோறு, பை எதுவுமின்றி, ஆச்சியின் கழுநீர்த் தொட்டிக்கே போகிறது. அந்தக் கம்பி எமது வகுப்பறை மேசையிலே கிடக்கிறது. மாணவர் அது என்னவென்று கேட்கும்போதெல்லாம், எறிந்தவர் யார் என்பதிலிருந்தே கதையைத் தொடங்குகிறோம்.