சேவல் என்றால் சிவப்பா?

"சாவல்னா செவப்பு சார். கறுப்பை இனத்துக்கு விடலாமா?" ஆலங்காயம் வட்டாரத்தில் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டுவிட்டேன். கோழி என் துறை இல்லை, நான் பயிர்க்காரன். ஆனால் ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டு நல்ல சேவலைக் குழம்பில் போடுகிறார்களே என்பதால் எழுதுகிறேன்.

செவலை மாடு, செம்மண் என்று பழகிய நமக்குச் 'சே' என்றாலே சிவப்புதான் நினைவுக்கு வரும். கொண்டையும் சிவப்பு. ஆனால் முட்டையிடும் பெட்டைக்கும் கொண்டை சிவந்துதானே இருக்கிறது? தொல்காப்பியத்தின் மரபியலைப் பார்த்தால், சேவல் என்பது கோழிக்கு மட்டும் உரிய பெயரே அல்ல. மயிலைத் தவிர, சிறகுள்ள எல்லாவற்றின் ஆணுக்கும் அந்தப் பெயர் உண்டு. சங்கப் பாடலில் அன்னச் சேவல் வருகிறது. அன்னம் வெள்ளை!

அதே மரபியலில் ஆண்பாற் பெயர்களை அடுக்கும் இடத்தில் 'சே', 'சேவல்' இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. சே என்றால் எருது. காளைக் கன்றைச் சேங்கன்று என்கிறோமே, அந்தச் 'சே'தான் சேவலிலும் இருக்கிறது என்பது என் கணிப்பு. நிறமில்லை, ஆண் என்பதுதான் பொருள்.

கோழி என்ற சொல்லோ இருபாலுக்கும் பொது. அரசலாபுரம், இந்தளூர் ஆகிய ஊர்களில் சண்டைச் சேவல்களுக்கு நட்ட பழைய நடுகற்கள் கிடைத்துள்ளன. கல்லில் இருப்பது சேவல் உருவம், எழுதியிருப்பது 'கோழி'.

மலையிலிருந்து இறங்கி வந்த ஓர் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னபோது, "அப்ப எதைப் பார்த்து வெக்கிறது?" என்று கேட்டார். சரியான கேள்வி. கால் நேராக இருக்கிறதா, மார்பு அகலமா, இரை கண்டால் பெட்டைகளைக் கூப்பிடுகிறதா என்று பாருங்கள். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். முக்கியமாக, உங்கள் வீட்டில் பொரித்த சேவலை அதன் தாயோடும் கூடப்பிறந்த பெட்டைகளோடும் இனத்துக்கு விடாதீர்கள். தலைமுறைக்குத் தலைமுறை பொரிப்பு குறையும், குஞ்சு நோஞ்சானாகும். வேற்றூர் உறவுக்காரரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆடியில் கொழுத்த சேவலைச் சாமிக்கு நேர்ந்துவிட்டு மெலிந்ததை இனத்துக்கு வைப்பதும் நடக்கிறது. நேர்த்திக்கடனில் நான் தலையிடவில்லை. இரண்டாவது சேவலை நேர்ந்துகொள்ளலாமே!

மாற்றி வாங்கிய சேவலை வந்த அன்றே மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். இரண்டு வாரம் தனிக்கூடையில் வையுங்கள். வெள்ளைக்கழிச்சல் அப்படித்தான் ஊர்விட்டு ஊர் வருகிறது.