ஓட்டை விழுந்த பிரதி

மேசைமேல் ஒரு பொம்மைக் கூடம். வெள்ளை அட்டையை வெட்டி ஒட்டிய சுவர்கள், ஒரு சாண் உயரம். நடுவே விரல் நீளத்துக்கு ஓர் அட்டை மனிதன், அளவு தெரிவதற்காக. சுவர்களில் தபால்தலை அளவில் வண்ண நகல்கள். வடிவமைப்பாளர் இடுக்கியால் ஒன்றைப் பெயர்த்து வேறிடத்தில் ஒட்டுகிறார். அவர் காப்பி எடுக்கத் திரும்பியதும் காப்பாட்சியர் அதைப் பெயர்த்துப் பழைய இடத்திலேயே ஒட்டுகிறார். அவரும் பார்க்காததுபோல் இருக்கிறார். இவரும் செய்யாததுபோல் இருக்கிறார்.

சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அருங்காட்சியகத்தின் மாடி அறை. 1960களின் ராக் கச்சேரிப் போஸ்டர்களைக் காட்சிக்கு வைக்கத் திட்டம் போடுகிறார்கள். ஓரத்து நாற்காலி எனக்கு. என்னிடம் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை என்பது வந்து உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. நிம்மதி.

சண்டை அளவைப் பற்றியது. இந்தப் போஸ்டர்கள் பெரும்பாலும் 14 அங்குல அகலம், 20 அங்குல உயரம்தான். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போகலாம். அப்படித்தான் போனார்கள். உயர்ந்த வெள்ளைச் சுவரில் ஒன்றொன்றாக மாட்டினால் காணாமலே போய்விடும். ஆகவே மேலும் கீழும் நெருக்கி, அன்று கம்பங்களிலும் கடைக் கண்ணாடிகளிலும் இடித்துக்கொண்டு நின்றதுபோலவே மாட்டவேண்டும் என்கிறார் வடிவமைப்பாளர். ‘நெருக்கினால் சுவருக்கு ஒட்டும் பூத்தாள் ஆகிவிடும்’ என்கிறார் காப்பாட்சியர். ஒவ்வொன்றின் முன்னாலும் ஆள் நிற்க வேண்டும், குழம்ப வேண்டும், கழுத்தைச் சாய்க்க வேண்டும். அவர் கேட்பது அவ்வளவுதான்.

இங்கே யாரும் படங்களைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘105 எந்தச் சுவர்?’, ‘26 கடனாக வருகிறதா?’ என்று எண்கள்தான். கீரி தெரு முனையில் ஃபில்மோர் அரங்கை நடத்திய பில் கிரஹாம் தன் போஸ்டர்களுக்கு வரிசை எண் போட்டார். 1971-இல் அவருடைய பிந்தைய அரங்கான ஃபில்மோர் வெஸ்ட் மூடப்படுவதற்குள் அந்த வரிசை 280-ஐத் தாண்டியது. சட்டர் தெருவின் அவலான் அரங்கில் செட் ஹெல்ம்ஸின் ‘ஃபேமிலி டாக்’ குழுவுக்குத் தனி வரிசை. வாரம் ஒரு கச்சேரி, வாரம் ஒரு போஸ்டர். இந்த வாரம் பாட்டுக் கேட்டு முடித்துப் படியிறங்குகிறவர் கையில் அடுத்த வாரத்துப் போஸ்டரை இலவசமாகத் திணித்து அனுப்பினார் கிரஹாம். வாசலில் ஒரு பீப்பாய் நிறைய ஆப்பிள், வருகிறவர்களுக்கு; போகிறவர்களுக்குப் படம். இரண்டில் ஆப்பிளைத்தான் அன்று பத்திரமாக வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

தாள் பாதுகாப்பு வல்லுநர் தட்டையான பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறார். கையுறை இல்லை. கழுவித் துடைத்த வெறுங்கை. தாளின் ஓரம் விரலுக்குத் தெரிய வேண்டும், உறை போட்டால் தெரியாது. மூடியைத் திறந்ததும் அறையில் பேச்சு நின்றுவிடுகிறது. உள்ளே விக்டர் மோஸ்கோஸோ. சிவப்பும் நீலமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்து, எது முன்னால் எது பின்னால் என்று கண் தடுமாறுகிறது. ஸ்பெயினில் பிறந்தவர், யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் ஆல்பர்ஸிடம் நிறம் பயின்றவர். ஒரே அளவு பளிச்சென்ற இரண்டு எதிர்நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவை சேருமிடம் அதிரும். இது வகுப்பறைப் பாடம். போஸ்டர் என்றால் ஓடுகிற காரிலிருந்தும் படிக்க முடியவேண்டும் என்பதும் வகுப்பறைப் பாடம்தான். முதல் பாடத்தை வைத்துக்கொண்டு இரண்டாவதைத் தலைகீழாக்கினார் மனிதர். எத்தனை நேரம் ஆளை நிறுத்தி வைக்க முடியுமோ அத்தனைக்குக் கடினமாக எழுத்தை வரைந்தார்.

‘எவ்வளவு வெளிச்சம்?’ என்கிறார் வடிவமைப்பாளர், பதில் தெரிந்தும்.

‘ஐம்பது லக்ஸ்.’

‘அதில் இந்தச் சிவப்பு எப்படி அதிரும்?’

‘அதிரட்டும். ஆனால் மெதுவாக அதிரட்டும்.’

ஐம்பது லக்ஸ் என்பது மாலையில் மங்கலான விளக்குப் போட்ட வீட்டின் கூடம் மாதிரி. அதுவும் சில மாதங்களுக்குத்தான். பிறகு இழுப்பறை இருட்டில் ஆண்டுக்கணக்கில் ஓய்வு. மலிவான தாள், ஆஃப்செட் மை, ஒரு சில நாள் கச்சேரிக்காக அடித்தது. வெளிச்சம் செய்யும் கேடு கூடிக்கொண்டேதான் போகும், ஓய்வு கொடுத்தாலும் போன நிறம் திரும்பி வராது. ஆனால் மோஸ்கோஸோவின் சில போஸ்டர்கள் சிவப்பு விளக்கும் நீல விளக்கும் மாறி மாறி அடித்தால் உருவம் அசைவதுபோல் தெரியும்படி வரையப்பட்டவை. அந்த மினுக்கு விளக்கை மாட்ட வடிவமைப்பாளருக்குக் கொள்ளை ஆசை. வல்லுநர் பெட்டியை மெல்ல மூடுகிறார். கடைசியில் அசலை இருட்டில் வைத்துவிட்டு, நகலுக்கு மினுக்கு விளக்கு போடுவது என்று முடிவாகிறது. அசல் பேசாமல் இருக்க, நகல்தான் வேலை செய்யப்போகிறது. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம். வல்லுநருக்கு இல்லை.

இசை வேண்டுமா என்று பேச்சு வருகிறது. கதவோரம் நிற்கும் காவலர் முதல்முறையாக வாய் திறக்கிறார்: ‘நாள் முழுக்க ஒரே பாட்டா?’ இசை ஒரு தனி அறைக்கு ஒதுக்கப்படுகிறது. எண்ணெயும் தண்ணீரும் சாயமும் கண்ணாடித் தட்டில் நெளிய, அதைத் திரையில் வீசிக் காட்டும் திரவ ஒளிக்காட்சியும் அதே அறைக்குப் போகிறது. ‘எண்ணெயா? தாள் இருக்கும் மாடியிலா?’ என்று வல்லுநர் கேட்க, அந்த அறை கீழ்த்தளத்துக்கு இறங்குகிறது.

பொம்மைக் கூடத்தில் ஐந்து சுவர்கள் ஐந்து பேருக்கு: வெஸ் வில்சன், மோஸ்கோஸோ, ரிக் கிரிஃபின், ஸ்டான்லி மவுஸ், ஆல்டன் கெல்லி. பெரிய ஐவர் என்று புத்தகங்கள் சொல்கிற வரிசை. வியன்னாவின் ஆல்ஃபிரட் ரோலர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு, தீ நாக்குபோல் நெளியவிட்டவர் வில்சன். 1967-இல் கூலித் தகராறில் அவர் கிரஹாமை விட்டுப் போனார். வாரக் கச்சேரி யாருக்காகவும் நிற்காதே. அடுத்த போஸ்டரை யார் வரைவது? அரங்கின் கரும்பலகையில் சாக்கட்டியால் நிகழ்ச்சி அறிவிப்பு எழுதிக்கொண்டிருந்த பானி மெக்லீன் வரைந்தார். கிரஹாமின் மனைவி. முப்பது போஸ்டருக்கு மேல். அந்த ஜூலையில் யார்ட்பேர்ட்ஸ், டோர்ஸ் குழுக்களுக்கு அவர் வரைந்த படம் பொம்மைக் கூடத்தில் கழிப்பறைக்குப் போகும் நடையில் ஒட்டியிருக்கிறது. உதவியாளர் பெண், சின்ன வயது, அதுவரை குறிப்பெடுத்துக்கொண்டு மட்டுமே இருந்தவர், இடுக்கியை எடுக்கிறார். நடையிலிருந்து அதைப் பெயர்த்து முதல் சுவரில், வில்சனுக்குப் பக்கத்தில் ஒட்டுகிறார். இந்த ஒன்றை மட்டும் யாரும் திரும்ப எடுத்து வைக்கவில்லை.

பிற்பகலில் ஒரு பெரியவர் வருகிறார். கடன் கொடுக்கப்போகிற சேகரிப்பாளர். முழங்கால் வலி, கூடவே நல்ல குரல். அவர் கொண்டு வந்திருப்பது ‘26’-இன் இரண்டு பிரதிகள். 1966 செப்டம்பரில் அவலானில் கிரேட்ஃபுல் டெட் குழுவின் கச்சேரிக்கு மவுஸும் கெல்லியும் செய்தது: ரோஜா மாலை சூடிய எலும்புக்கூடு. உமர் கய்யாம் பாடல்களின் பழைய ஆங்கிலப் பதிப்பு ஒன்றுக்கு எட்மண்ட் சல்லிவன் கறுப்பு மையில் வரைந்திருந்ததை நூலகத்தில் கண்டெடுத்து, நிறம் ஏற்றி, எழுத்துச் சேர்த்தார்கள். யாரிடமும் கேட்கவில்லை. இப்போது அந்தப் படத்தை விளக்கக் கையேட்டில் போட, பதிவாளர் நான்கு பக்க உரிமைப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார்.

ஒரு பிரதி மாசு மருவில்லாதது. இன்னொன்றின் நான்கு மூலையிலும் ஸ்டேப்ளர் பின் குத்திய ஓட்டைகள், சுற்றிலும் துருவின் பழுப்பு, நடுவே ஒரு மடிப்பு. காப்பாட்சியரின் கை தானாகவே சுத்தமானதை நோக்கிப் போகிறது.

‘அது பிறகு வாங்கியது,’ என்கிறார் பெரியவர். ‘கடைக்கென்று மறுபடி அடித்தது. இதுதான் கம்பத்தில் இருந்தது. நான்தான் பிய்த்தேன்.’

‘எப்போது?’

‘ஒட்டின ராத்திரியே.’

பதிவாளர் நிமிர்கிறார். கச்சேரிக்கு முன்னால் அடித்ததா, கிராக்கி கூடியதும் பின்னால் அடித்ததா என்பதில்தான் சேகரிப்பாளர் உலகமே நிற்கிறது. மையையும் தாளையும் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்க்கிற வேலை அது. ஓட்டைகளும் தம் பங்குக்குச் சாட்சி சொல்கின்றன. வல்லுநர் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். துரு பரவாமல் நிறுத்தலாம், மடிப்பைத் தணிக்கலாம், ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும் வைத்து ஓட்டையை அடைக்கவும் செய்யலாம். ‘அடைக்க வேண்டாம்’ என்று அவரே சொல்லிவிடுகிறார். காப்பாட்சியர் நெடுநேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சுத்தமான பிரதியை உறையில் போட்டுப் பெரியவரிடமே கொடுக்கிறார். ஓட்டைகள் சட்டத்தின் உள்விளிம்பில் மறையாமல் தெரியவேண்டும் என்று உதவியாளரிடம் குறிப்பு எழுதச் சொல்கிறார். அன்று அந்த அறையில் நடந்த ஒரே பெரிய காரியம் இதுதான் என்பேன்.

விளம்பரப் பிரிவு இளைஞர் கடைசியாக மடிக்கணினியைத் திறக்கிறார். கண்காட்சிக்கே ஒரு போஸ்டர் வேண்டுமல்லவா? வில்சனைப் போல உருகி வழியும் எழுத்து, கண்ணைக் கூசவைக்கும் ஆரஞ்சு, நடுவே ஓர் எலும்புக்கூடு. எல்லோருக்கும் பிடிக்கிறது.

‘தேதி எங்கே?’ என்கிறார் பார்வையாளர் சேவை அம்மையார்.

இருக்கிறது, எலும்புக்கூட்டின் விலாவுக்குள். தேதியும் நேரமும் எல்லோரும் படிக்கும்படி இருந்தாகவேண்டும் என்கிறார் அவர். பார்வை குறைந்தவர்களிடமிருந்து வரும் ஃபோன்களை அவர்தான் எடுக்கிறார், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சரி, பழைய முறைப்படி ஹெய்ட் தெருக் கம்பங்களிலாவது கட்டலாமா என்று இளைஞர் கேட்க, பதிவாளர் நகராட்சி விதியைத் தேடிப் படிக்கிறார்: விளக்குக் கம்பத்தில் வைக்கும் அறிவிப்பு 11 அங்குல உயரத்துக்கு மேல் கூடாது, உலோகத்தால் மாட்டக் கூடாது, கயிறு போன்றவைதான். உதவியாளர் பெண் பொம்மைக் கூடத்தைக் காட்டி, ‘அப்படியானால் இதில் ஒன்றைக்கூட இன்றைக்கு வைக்க முடியாதே’ என்கிறார். யாரோ சிரிக்கிறார்கள். பேருந்து நிறுத்தக் கண்ணாடிகளில், நேரான கறுப்பு எழுத்தில் தேதி பெரிதாக வரும் போஸ்டர் என்று தீர்மானமாகிறது.

‘நின்று தேடினால்தானே ஞாபகத்தில் இருக்கும்?’ என்கிறார் பெரியவர், உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

இளைஞர் அதையும் குறித்துக்கொள்கிறார், முழு வாக்கியமாக, தேதி போட்டு.