குறை சொல்வது குற்றமா?

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவி)

ஆண்டு மலருக்குக் கட்டுரைகள் வரவேற்கப்படுவதாக அறிவிப்புப் பலகையில் கண்டபோது, பயணக் கட்டுரை எழுதலாமா, தலைவர் ஒருவரின் வரலாற்றை எழுதலாமா என்றெல்லாம் எண்ணினேன். ஆனால் சென்ற ஆண்டு முழுவதும் என் நெஞ்சில் முள்ளாக உறுத்திக்கொண்டிருந்தது வேறொன்று. அது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கழிப்பறையில் தொங்கிய ஒரு பூட்டு. மலரில் எழுதத்தக்க பொருளா இது என்று முகம் சுளிப்போரும் இருக்கலாம். அவர்கள் சற்றுப் பொறுமையுடன் படிக்குமாறு வேண்டுகிறேன்.

எங்கள் ஊரில் இருப்பது ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. எட்டாம் வகுப்பு வரை நான் படித்தது அங்கேதான். முற்றத்து வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டுதான் பள்ளியின் மணி. அதைக் கொடுத்தவர் என் பாட்டனார் என்று வீட்டில் பெருமையோடு சொல்வார்கள். காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்த 1950களின் இறுதியில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் பல ஊர்களில் நடந்தன. நிலம், பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம் என்று மக்கள் தங்களால் இயன்றதைப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். அப்போது இளைஞராக இருந்த என் பாட்டனார், கையெழுத்துப் போடத் தெரியாதவர், எங்கிருந்தோ அந்த இரும்பைத் தோளில் சுமந்து வந்து தந்தாராம்.

அந்த மணியோசை கேட்டு வளர்ந்தவள் நான். என் தங்கையும் அப்படியே. அவள் ஏழாம் வகுப்புக்குச் சென்ற ஆண்டு, ஆடி மாதத்தில் ஒருநாள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். காய்ச்சலும் இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். சிறுநீர்த் தொற்று என்றார் மருத்துவர். “பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிப்பதில்லையா?” என்று கேட்டார். தங்கை தலை குனிந்தபடி, “குடிச்சா போகணும்ல” என்றாள்.

அப்போதுதான் செய்தி வெளிவந்தது. மோட்டார் பழுதாகித் தண்ணீர் ஏறாததால், பள்ளி திறந்த நாளிலிருந்தே மாணவியர் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. ஆசிரியைகளின் கழிப்பறை தனி; அதன் சாவி அவர்களிடம். எங்கள் தெருச் சிறுமிகள் காலையில் வீட்டைவிட்டுப் போனால் மாலையில் வீடு திரும்பும் வரை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இரண்டு மாதமாக ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை இட்லிக் கடையை மூடிவிட்டு அம்மா பள்ளிக்குப் போனாள். நானும் உடன் சென்றேன். தலைமையாசிரியர் அறையில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. நாங்கள் நின்றுகொண்டே பேசினோம். அம்மா சொல்லி முடிக்கும் முன்பே அவர் முகம் சிவந்துவிட்டது.

“ஏம்மா, முந்நூறு பிள்ளைங்க படிக்குது. உன் பிள்ளைக்கு மட்டுந்தான் வலிக்குதா? மோட்டாரை நானா உடைச்சேன்? ஒன்றிய ஆபீசுக்கு எத்தனை தடவை போன் போட்டேன்னு உனக்குத் தெரியுமா? இப்பவே ஆளாளுக்குப் பிள்ளையை மெட்ரிக் ஸ்கூல்ல சேர்க்கிறாங்க. இதை வெளியில பேசினா இன்னும் நாலு பேரு போவான். உனக்கு அதுதான் வேணுமா?” என்றவர், கடைசியாக என்னைச் சுட்டிக்காட்டி, “இவளைப் படிக்க வச்சது யாருன்னு மறந்துட்டியா?” என்றார்.

அம்மாவின் வாய் அடைத்துவிட்டது. என் வாயுந்தான். ஏனெனில் அவர் சொன்னது உண்மை. எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட அப்பா முடிவு செய்தபோது, இதே தலைமையாசிரியர் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்து, இரவு ஒன்பது மணி வரை வாதாடினார். பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளிக்குத் தம் வண்டியிலேயே அழைத்துப்போய்ச் சேர்த்துவிட்டவரும் அவரே. இன்று நான் இக்கல்லூரியில் அமர்ந்து இக்கட்டுரையை எழுதுகிறேன் என்றால் அதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, “ஒரு மனு எழுதிக் குடு” என்றாள். நான் மறுத்தேன். “விடும்மா, அவர் நல்லவர். நமக்கு எவ்வளவோ செய்திருக்கார்” என்றேன். அதற்கு அம்மா சொன்ன பதிலை என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். “நல்லவருகிட்டதான்டி கேக்க முடியும். கெட்டவன்கிட்ட போயி யாரு கேப்பா?”

கல்லூரியில் படிக்கும் நான் நன்றி என்ற பெயரில் கோழைத்தனத்தை மூடி மறைத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற அம்மாவோ நன்றியும் கேள்வியும் ஒரே வீட்டில் வாழலாம் என்று அறிந்திருந்தாள்.

வெட்கத்தோடு நம் கல்லூரி நூலகத்துக்குப் போனேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பதும், 22ஆம் பிரிவின்படி பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுப்பதும் அக்குழுவின் பணி. மாணவருக்கும் மாணவியருக்கும் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர் ஆகியவை சட்டத்தின் அட்டவணையிலேயே உள்ளன. 2012 அக்டோபர் 3ஆம் நாள் உச்ச நீதிமன்றமும், எல்லாப் பள்ளிகளிலும் ஆறு மாதங்களுக்குள் இவ்வசதிகள் இருக்க வேண்டும் என்று மாநில அரசுகளுக்கு ஆணையிட்டிருக்கிறது.

இவற்றை அம்மாவிடம் படித்துக் காட்டியபோது, “மேலாண்மைக் குழுவா? அதுல நானும் இருக்கேனே!” என்றாள். திகைத்துப் போனேன். 2024இல் குழுவை மாற்றி அமைத்தபோது அவள் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். கூட்டம் என்று கூப்பிடுவார்களாம், தேநீர் கொடுப்பார்களாம், நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்களாம். அந்த நோட்டில் என்ன எழுதியிருந்தது என்று எந்தத் தாயும் கேட்டதில்லை. யாரும் படித்துக் காட்டியதும் இல்லை.

அடுத்த கூட்டத்தில் அம்மா எழுந்து கழிப்பறையைப் பற்றிக் கேட்டாள். “யாரோ தூண்டிவிட்டுப் பேசறே. பள்ளிக்கூடத்துல அரசியல் வேண்டாம்” என்றார் தலைமையாசிரியர். மற்றத் தாய்மார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை நாளைக்கு அதே வகுப்பில்தானே போய் உட்கார வேண்டும்! அந்த அச்சம் வீண் அச்சமும் அன்று. மறுநாள் ஓர் ஆசிரியை என் தங்கையை எழுப்பி நிறுத்தி, “உங்கம்மா என்ன கலெக்டரா?” என்று கேட்க, வகுப்பே சிரித்திருக்கிறது. அன்று மாலை தங்கை அழுதுகொண்டே வந்து, “இனிமே நீ பள்ளிக்கூடத்துக்கு வராதம்மா” என்றாள். அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை.

எனக்குச் சினம் மூண்டது. திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுப்போம் என்றேன். அம்மா ஒப்பவில்லை. “அவரைத் தலைகுனிய வைக்கிறது நம்ம வேலையில்ல. கக்கூசு திறக்கணும், அவ்வளவுதான்” என்றாள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கும் போனாள். வழக்கம்போல் நோட்டு வந்தது. “கழிப்பறை பூட்டிக் கிடக்குன்னு இதுல எழுதுங்க சார். எழுதினாத்தான் கையெழுத்து” என்று சொல்லிப் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். நெடுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு பக்கத்தில் இருந்த ஒரு தாயும் பேனாவைக் கீழே வைத்தாள். அப்புறம் இன்னொருத்தி. தலைமையாசிரியர் எழுதினார். எழுதிய தீர்மானத்தின் நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் போயிற்று. வாய்வார்த்தையாகப் பலமுறை சொல்லியும் அசையாத காரியம், தாய்மாரின் கையெழுத்தோடு போனபின் அசைந்தது. மூன்று வாரத்தில் மோட்டாரைப் பழுது பார்த்தார்கள், பூட்டைத் திறந்தார்கள். தண்ணீர் இன்னும் சில நாள்களில் வருவதில்லை. அதையும் நோட்டில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தலைமையாசிரியரும் இதைத்தானே வேண்டினார்? தனியொருவராகத் தொலைபேசியில் கெஞ்சிக் களைத்த அவருக்குத் தாய்மாரின் குரல் துணைப்படையாக வந்தது. அதைப் பகைப்படையென்று ஏன் எண்ணினார்? இந்த வினாவைப் பல நாள் எண்ணிப் பார்த்தேன். எங்கள் தெருவில் நான்கு வீட்டார், சொல்லாமல் கொள்ளாமல் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிட்டார்கள். அவர்களில் ஒருவரும் அவரிடம் ஒரு குறையும் சொன்னதில்லை. சிரித்துக் கும்பிட்டுவிட்டே போனார்கள். குறை சொன்னவளோ இன்றும் அதே பள்ளியை நம்பிப் பிள்ளையை அனுப்பிக்கொண்டிருக்கிறாள். நம்பிக்கை அற்றவர்கள் விலகிவிடுகிறார்கள். நம்பிக்கை உள்ளவர்களே வாசலில் வந்து நின்று கேட்கிறார்கள். இதை உணராத தலைமை, தன்னைவிட்டுப் போகிறவர்களை நல்லவர்கள் என்றும், தன்னோடு நிற்பவர்களைத் தொல்லை என்றும் தவறாகக் கணக்கிடுகிறது. அந்தப் பள்ளியின் கரும்பலகையில் நாள்தோறும் ஒரு குறள் எழுதுவார்கள். ஆள்பவனுக்குப் பகைவனைவிடப் பெருங்கேடு, அவனைக் கண்டித்துச் சொல்ல ஆளில்லாமையே என்ற கருத்தை வள்ளுவர் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்தில் வைத்திருக்கிறார். அந்தக் குறளும் என்றேனும் ஒருநாள் அங்கே எழுதப்பட்டிருக்கும்.

என் பாட்டனார் காலத்தில் பள்ளி மக்களிடம் ‘கொடுங்கள்’ என்றது, அவர்கள் கொடுத்தார்கள். என் தாயின் காலத்தில் சட்டம் ‘கேளுங்கள்’ என்கிறது. கொடுத்த கையை வாழ்த்திய பள்ளி, கேட்கும் வாயையும் வரவேற்க வேண்டாமா?

அண்மையில் பேருந்து நிறுத்தத்தில் தலைமையாசிரியரைக் கண்டு வணங்கினேன். சிறிது நேரம் பேசாதிருந்தவர், “அடுத்து என்ன படிக்கப் போறே?” என்றார். “பி.எட். சார்” என்றேன். “படி. டீச்சராகிப் பாரு, அப்பத் தெரியும்” என்றார். அது வாழ்த்தா, வருத்தமா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

அன்புத் தோழர்களே, தோழியரே! நம்மில் பெரும்பாலோர் இத்தகைய பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். நம்மில் சிலர் நாளை இத்தகைய பள்ளிகளுக்கே ஆசிரியராய்த் திரும்பிச் செல்வோம். அப்போது ஒருநாள், மாவு காயாத கைகளோடு ஒரு தாய் நம் அறை வாசலில் வந்து நிற்பாள். அவள் சொல்லப்போவது நமக்குக் கசக்கலாம். முதலில் அவளுக்கு ஒரு நாற்காலி கொடுப்போம். பிறகு, அவள் சொல்வதை எழுதிக்கொள்வோம்.