எதுக்காகப் போனீங்க ஆயா?

கிளியனூரில் மருந்துக்கடையில் நிற்பவருக்குக் கூட்டம் இரண்டு வேளை வரும். புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் புறநோயாளிப் பிரிவு முடிந்து பஸ்கள் திரும்பும் மதியம் ஒன்று. திண்டிவனத்தில் தனியார் டாக்டர்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களின் மாலை இன்னொன்று. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. ஒரே ஆள் மூன்று இடத்திலும் வைத்தியம் பார்ப்பதும் இங்கே சாதாரணம். மூன்று டாக்டர்களும் ஒருவர் எழுதியதை ஒருவர் பார்ப்பதில்லை. மூன்று சீட்டும் ஒன்றாக விரிவது எங்கள் மேசையில்தான்.

சீட்டை வாங்கியதும் நான் மருந்தின் பெயரைப் படிப்பதில்லை. நோயாளியின் பெயர், வயது பார்த்துவிட்டு, "எதுக்காகப் போனீங்க?" என்று கேட்பேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இது வீண் விசாரிப்பாகத் தெரியும். சரிபார்ப்பின் பாதி அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கிறுக்கலாக எழுதிய ஒரு பெயரைப் பார்த்ததும், பழகிப்போன ஒரு மருந்தின் பெயரைக் கண் தானாகவே அதில் படித்துக்கொள்ளும். மூட்டுவலிக்குப் போனேன் என்று அவர் சொல்ல, நான் படித்தது சர்க்கரை மாத்திரையாக இருந்தால், கை ராக்கை நோக்கிப் போவதற்கு முன்பே நின்றுவிடும்.

எண்களும் இப்படித்தான் ஏமாற்றும். தைராய்டு மாத்திரையில் 12.5 மைக்ரோகிராமும் உண்டு, 125ம் உண்டு. நடுவில் உள்ள புள்ளி பேனா மையில் கரைந்தால் அளவு பத்து மடங்காகிவிடும். முதல்முறையாக மாத்திரை தொடங்கும் வயதான அம்மாவுக்கு 125 என்று தெரிந்தால் டாக்டருக்குப் போன் போட்டே ஆக வேண்டும். "என்ன டோஸ் சார்?" என்று மொட்டையாகக் கேட்டால், கூட்டத்துக்கு நடுவே "எழுதினதுதான்" என்று பதில் வரும். "அறுபத்தெட்டு வயசு, இதயத்துக்கும் மாத்திரை போடுறாங்க, புதுசா ஆரம்பிக்கிறாங்க, பன்னிரண்டரைதானே சார்?" என்று கேட்டால் அவரும் ஒரு கணம் நிதானிப்பார். இப்படிக் கேட்டதற்காகக் கோபித்துக்கொண்ட டாக்டரை நான் அதிகம் பார்த்ததில்லை.

ராக்கில் மருந்துகளை அகர வரிசையில் அடுக்குவது வழக்கம். தேட வசதிதான். ஆனால் ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்கள் தோளோடு தோள் உட்காருவதும் அதே வசதியால்தான். அப்படிப்பட்டவற்றை நான் வேறு வேறு தட்டுக்கு மாற்றிவிடுவேன். இதில் உச்ச நீதிமன்றமே பேசியிருக்கிறது. ஃபால்சிகோ, ஃபால்சிடாப் என்று இரண்டு மலேரியா மருந்துகள். உள்ளிருக்கும் மருந்து வேறு வேறு. கேடிலா என்ற பெயர் கொண்ட இரண்டு நிறுவனங்களுக்கு இடையே நடந்த அந்த வழக்கில், 2001இல் நீதிமன்றம் மற்றப் பொருட்களைவிட மருந்துப் பெயர்க் குழப்பத்தைக் கூடுதல் கண்டிப்போடு பார்க்க வேண்டும் என்றது. அமெரிக்காவில் லாசிக்ஸோடு குழம்புகிறது என்பதால் லோசெக் மருந்துக்கு 1990இல் பிரிலோசெக் என்று பெயரையே மாற்றினார்கள். நம் ஊர் ராக்குகளில் இன்னும் எத்தனையோ இரட்டையர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பயமான மருந்து மெத்தோட்ரெக்ஸேட். முடக்குவாதத்துக்கு நல்ல மருந்து. பலரை எழுந்து நடக்க வைத்திருக்கிறது. ஆனால் வாரத்தில் ஒரே நாள்தான் போட வேண்டும். செல்கள் பெருகுவதைத் தடுக்கிற மருந்து அது. தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜையும் வாயின் உள்தோலும் குடலும்தான் முதலில் அடிவாங்கும். துணைக்கு எழுதப்படும் ஃபோலிக் ஆசிடும் பெரும்பாலும் இதே போலச் சின்ன மஞ்சள் மாத்திரையாகவே வரும்.

மல்லாட்டை ஆய்ந்துவிட்டு மண் கையோடு ஓர் ஆயா வந்தார். "சோறு எறங்கல தம்பி, வாயெல்லாம் புண்ணு. பி காம்ப்ளெக்ஸ் ரெண்டு குடு" என்றார். வேறு என்ன மாத்திரை போடுகிறார் என்று கேட்டேன். சுருக்குப்பையிலிருந்து இரண்டு கவர்களை எடுத்தார். வேறோர் ஊர்க் கடையில் கொடுத்தது. அச்சடித்த காலை, மதியம், இரவு கட்டங்களில், இரண்டிலுமே காலைக்கு நேராக 1 என்று போட்டிருந்தது. வாரம் ஒரு முறை என்பது ஆங்கிலச் சீட்டில் மட்டும் இருந்தது.

"இதுல எத தெனம் போடுறீங்க ஆயா?"

மெத்தோட்ரெக்ஸேட்டைத்தான் தொட்டுக் காட்டினார். வாரத்துக்கு ஒன்று என்று டாக்டர் வாயால் சொன்னதை ஃபோலிக் ஆசிடுக்கு வைத்துக்கொண்டிருக்கிறார். பி காம்ப்ளெக்ஸ் கொடுக்கவில்லை. அவர் மகனைப் போனில் கூப்பிட்டு, நடந்ததைத் தாளில் எழுதிக் கொடுத்து, எழுதிய மருத்துவமனைக்கே அன்றே அனுப்பினேன். ரத்த அணுக்கள் குறைந்திருந்தன. படுக்கையில் இருந்து, தேறித் திரும்பினார்.

மெத்தோட்ரெக்ஸேட் கவரில் நான் மூன்று கட்டத்தையும் அடித்துவிட்டுக் கிழமையை மட்டும் பெரிதாக எழுதுகிறேன். படிக்கத் தெரியாதவர்களிடம், அவர்களே மறக்காத நாளைக் கேட்பேன். "வெள்ளிக்கிழமை தல முழுகுற அன்னிக்கு" என்றால் அதுதான் நாள். நான்கு வார மாத்திரைக்கு மேல் ஒரே தடவையில் கொடுப்பதில்லை. கவரைத் திருப்பிக் காட்டி, அவர் வாயாலேயே சொல்லச் சொல்வேன். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அது சரிபார்ப்பு ஆகாது.

கேள்வி மட்டும் போதாத இடமும் உண்டு. கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை எழுதிய சீட்டோடு ஒரு பெரியவர் வந்தார். நோயும் மருந்தும் பொருந்தின. ஆனாலும் பையைக் கொட்டிப் பார்க்கக் கேட்டேன். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இந்தப் பக்கத்து வயதானவர்களுக்கு அது பெரிய உதவி. அப்படி வந்த அட்டையில் அம்லோடிபின் என்று மருந்தின் பெயரே இருந்தது. தனியார் டாக்டர் எழுதிய இன்னொரு அட்டையில் கம்பெனிப் பெயரும் பின்னால் ஏஎம் என்ற இரண்டு எழுத்தும். அந்த ஏஎம்மும் அம்லோடிபின்தான். இரண்டையும் போட்டிருக்கிறார். அம்லோடிபின் அளவு கூடக் கூடக் கால் வீங்கும். வீக்கத்துக்கு மூன்றாவது டாக்டர் மூன்றாவது மாத்திரை எழுதிவிட்டார். எந்தச் சீட்டிலும் தப்பில்லை. மூன்றும் ஒரு மஞ்சப்பைக்குள் சேர்ந்தபோதுதான் தப்பு. இந்த வகைப் பிழையைக் கடை மேசையில் பிடிக்காவிட்டால் வேறெங்கும் பிடிபடாது. நீர் மாத்திரையைக் கட்டாமல், பையோடு டாக்டரிடம் திரும்பப் போகச் சொன்னேன்.

அளவுக் குழப்பம் குழந்தை மருந்திலும் உண்டு. பாராசிட்டமால் சொட்டு மருந்து ஒரு மில்லியில் 100 மில்லிகிராம்; சிரப் பல கம்பெனிகளில் ஐந்து மில்லியில் 125. சிரப்புக்குச் சொன்ன அளவில் சொட்டு மருந்தை ஊட்டினால் நான்கு மடங்கு போய்விடும். இன்சுலினிலும் 40 யூனிட் குப்பிக்குச் சிவப்பு மூடி ஊசி, 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு. மாற்றிப் போட்டால் உயிருக்கே ஆபத்து.

மருந்து வாங்குகிறவர்கள் பில்லையும் கேட்டு வாங்குங்கள். அதில்தான் பேட்ச் எண் இருக்கிறது. 2025 அக்டோபரில் கோல்ட்ரிஃப் இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது தெரிந்தபோது, எந்தக் குப்பி என்று தேட உதவியது அந்த எண்தான். அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது காலாவதித் தேதி உள்ள முனையைக் கடைசிவரை விட்டுவைப்பதும் எங்கள் பொறுப்பு.

சக மருந்தாளுநர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பதிவு பெற்றவரின் நேரடிப் பார்வையில்தான் சீட்டு மருந்து கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பல கடைகளில் சான்றிதழ் சுவரில் இருக்கிறது, ஆள் இல்லை. மாலைக் கூட்டத்தில் பள்ளிப் படிப்பை இப்போதுதான் முடித்த பையன் ஒற்றையாக நின்று அட்டை வெட்டுகிறான். பையைக் கொட்டிப் பார்க்க அவனுக்கு நேரமும் கிடையாது, யாரும் சொல்லித்தரவும் இல்லை. அந்தக் கூட்ட நேரத்திலாவது நாம் மேசையில் நிற்க வேண்டும். வர முடியாத நாளில் சீட்டு மருந்தை நிறுத்திவைத்து, காலையில் வரச் சொல்ல வேண்டும். அவசரம் என்றால் திண்டிவனம் பஸ் ஏற்றிவிட வேண்டும்.