கவிழ்ந்த பின் ஏறுவது

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஓர் உபாத்தியாயர் தண்ணீரில் தலைகுப்புற விழுந்தால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடுவது உலக வழக்கம். சென்ற மே மாதத்தில் ஜமுனாமரத்தூரை அடுத்த ஓர் ஏரியில் நாம் விழுந்தபோது கரையில் நின்றவன் ஒரே ஒரு சிறுவன்தான். ஆயினும் ஊர் முழுவதும் திரண்டு வந்து பார்த்திருந்தால்கூட நமக்கு அவ்வளவு வெட்கம் உண்டாகியிராது. ஏனெனில் அவன் நம்முடைய மாணாக்கன்.

போளூரிலிருந்து வரும் பஸ் வளைவு வளைவாக முனகிக்கொண்டு ஏறி, ஜவ்வாது மலைமேல் இரண்டாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் கொண்டுவந்து விடும் ஊர் ஜமுனாமரத்தூர். செய்யாறு பிறப்பது இந்த மலைகளில்தான். சாமையும் பலாவும் தேனும் இங்கே உண்டு. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஆனால் பத்தாம் வகுப்பில் தவறிவிட்டால், வெளியூருக்குக் கூலி வேலைக்குக் கிளம்பிவிடுகிறவர்கள் அவர்களில் உண்டு.

நாம் சொன்ன சிறுவனும் கணிதத்தில் தவறியவனே. துணைத் தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தன. "கணக்கு எனக்கு வராது, சார். மாமாவோடு வேலைக்குப் போகிறேன்" என்றான். நாம் உடனே ஒரு பிரசங்கம் செய்தோம். விழுவது பெரிதல்ல, எழுவதே பெரிது, தலை நிமிர்ந்து நில் என்றெல்லாம் அரை மணி நேரம் பொழிந்தோம். அவன் பணிவாகக் கும்பிட்டுவிட்டு மாடு மேய்க்கப் போய்விட்டான்.

மறுவாரம் கடற்கரைக் குப்பம் ஒன்றில் பிறந்து வளர்ந்த நம் நண்பர் ஒருவர் வந்து சேர்ந்தார். மோட்டார் வண்டியின் கூரைமேல் இரண்டு கயாக்குகளைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கயாக் என்பது ஒருவர் அமர்ந்து செல்லும் ஒடுங்கிய ஓடம். அதன் துடுப்புக்கு இரு முனையிலும் அலகு உண்டு. வடதுருவத்தை அடுத்த கிரீன்லாந்து முதலிய தேசங்களின் வேட்டைக்காரர்கள் மரச் சட்டத்தின்மேல் கடல்நாயின் தோலைப் போர்த்தி இதைச் செய்தார்கள். அங்கே தண்ணீரில் சில நிமிஷம் கிடந்தாலும் கை கால் விறைத்துவிடும். ஆகவே கவிழ்ந்தால் ஓடத்தை விட்டு வெளியேறாமலே, துடுப்பை ஒரு வீச்சு வீசி மறுபடி நிமிர்ந்துவிடும் வித்தையை அவர்கள் பழகியிருந்தார்கள். ஐரோப்பியர்களில் அதை முதலில் கற்றவர் என்று ஆஸ்திரியாவைச் சேர்ந்த பாவ்லட்டாவைச் சொல்கிறார்கள். அது 1927-ஆம் வருஷம். அந்த வித்தையைக் கிரீன்லாந்திலேயே கற்றுத் தேர்ந்த ஆங்கில இளைஞர் ஜினோ வாட்கின்ஸ், 1932 ஆகஸ்டில் தனியே வேட்டைக்குப் போனார். அவருடைய கயாக் வெறுமையாய் மிதந்து கிடைத்தது. வித்தை தெரிந்தவருக்கும் துணை வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

நமக்கு வித்தையும் தெரியாது. துணை மட்டும் இருந்தது. தக்கவர்களிடம் அனுமதி பெற்று, மிதவைச் சட்டை அணிந்து, ஏரியில் இறங்கினோம். நண்பருடைய கயாக்குகள் மேல்தளத்தில் உட்காரும் வகையைச் சேர்ந்தவை. நம்முடைய கட்டுமரத்தைப் போல அவற்றில் தண்ணீர் நிரம்பிவிட இடமில்லை. மேலே விழும் தண்ணீர் துவாரங்கள் வழியே வடிந்துவிடும்.

ஏரியின் நடுவில் கரையைத் திரும்பிப் பார்த்தோம். மாடுகளுக்கு நடுவே நம் மாணாக்கன் நின்றான். அவன் பார்க்கிறானே என்று சிறிது மிடுக்காக நிமிர்ந்து துடுப்பை வீசினோம். அடுத்த கணம் தலைக்குமேல் தண்ணீர்! மே மாதமானாலும் மலை ஏரியின் குளிர்ச்சி மார்பை இறுக்கியது. மேலே வந்து, ஓடத்தைப் பற்றி நிமிர்த்தி, கைகளை ஊன்றி எம்பினோம். அது நம்மீதே கவிழ்ந்தது. மறுபடியும் எம்பினோம், மறுபடியும் கவிழ்ந்தது. மூன்றாம் முறை மூக்கில் நீர் ஏறிற்று. மூச்சு வாங்கியது, பயமும் வந்துவிட்டது.

"போதும், ஐயா! இது நமக்கு வராது. கரைக்கு இழுத்துப் போய்விடும்" என்றோம்.

சொன்ன வார்த்தை நம் காதிலேயே சுருக்கென்று தைத்தது. இதே வார்த்தையைத்தானே அந்தப் பையன் சொன்னான்? அவனுக்கு அரை மணி நேரப் பிரசங்கம் செய்த மனுஷர், மூன்றே தடவையில் அதே இடத்துக்கு வந்துவிட்டோமே!

நண்பர் தம் ஓடத்தை அருகில் கொண்டுவந்து, நம் ஓடத்தை அசையாமல் பிடித்துக்கொண்டார். "வாத்தியாரே! நீங்கள் எழுந்திருக்கப் பார்க்கிறீர்கள்; அதுதான் தப்பு. தலை உயர உயர ஓடம் புரளும். முதலில் தண்ணீரில் படுங்கள். கால்களைப் பின்னால் மிதக்கவிட்டு உதையுங்கள். மீன் வழுக்கி ஏறுகிற மாதிரி மார்பு முதலில், வயிறு அப்புறம். குறுக்கே குப்புறக் கிடந்து ஒரு மூச்சு விடுங்கள். பிறகு புரண்டு உட்காருங்கள். கால்கள் கடைசியில்தான். எங்கள் குப்பத்தில் அலை புரட்டினால் கட்டுமரத்தில் இப்படித்தான் தாவி ஏறுவார்கள்" என்றார்.

அப்படியே செய்தோம். உபாத்தியாயருக்குரிய கம்பீரம் அதில் சிறிதும் இல்லை. ஆனால் ஓடம் புரளவில்லை. ஒரு நிமிஷத்துக்கெல்லாம் உட்கார்ந்திருந்தோம்.

கரை சேர்ந்ததும் பையன் ஓடிவந்து தன் துண்டை நீட்டினான். சிரிப்பை அடக்க அவன் பட்ட பாடு நமக்குத் தெரிந்தது. "சிரித்துவிடு, அப்பா!" என்றோம். இருவரும் சிரித்தோம்.

இம்முறை பிரசங்கம் செய்யவில்லை. மறுநாள் அவனை அழைத்து, பத்தாம் வகுப்புப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கீழ் வகுப்புக் கணக்குகளை ஒவ்வொன்றாகப் போடச் சொன்னோம். பின்னக் கணக்கு வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று எழுதினான். அவன் கவிழ்ந்தது பத்தாம் வகுப்பில் அல்ல. ஐந்தாம் வகுப்பிலேயே கவிழ்ந்திருக்கிறான். ஐந்து வருஷமாகத் தண்ணீரில் தத்தளித்தவனைப் பார்த்து, "தலை நிமிர்ந்து நில்" என்று நாம் உபதேசம் செய்திருக்கிறோம்!

ஒரு சப்பாத்தியை அறுத்து வைத்துக்கொண்டு பின்னத்தைத் தொடங்கினோம். பெரிய பையன் சின்னப் பாடம் படிப்பதா என்று முதல் நாள் கூசினான். நாம் ஏரியில் குப்புறக் கிடந்ததை நினைவூட்டினோம். அதன்பின் கூசவில்லை. மாமா மட்டும் வேலைக்குப் போனார். இவன் துணைத் தேர்வு எழுதினான்.

முடிவு இன்னும் வரவில்லை. தேறுவானா என்று நண்பர் கடிதத்தில் கேட்டிருக்கிறார். தேறாவிட்டால் மறுபடி எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று அவனுக்கும் நமக்கும் இப்போது தெரியும் என்று பதில் எழுதியிருக்கிறோம். கூடவே, அடுத்த முறை வரும்போது சிறிய அளவில் இன்னொரு மிதவைச் சட்டையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். பையன் கயாக் ஏற வேண்டுமென்கிறான்.