மலையேறப் போறீங்களா? கேமரா வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

1. பிப்ரவரி பொறந்தா போதும், எனக்கு ரெண்டு விதமான கேள்விகள் வர ஆரம்பிச்சிடும். ஒண்ணு, "டாக்டர், எனக்கு பிபி இருக்கு, வெள்ளியங்கிரி ஏறலாமா?" இன்னொண்ணு, "நீங்க மலைக்குப் போற ஆளாச்சே, பாக்கெட்ல வெக்கிற மாதிரி ஒரு நல்ல கேமரா சொல்லுங்களேன்". முதல் கேள்விக்குத் தனியா ஒரு இழை போடுறேன். இன்னைக்கு ரெண்டாவது கேள்வி. ஆனா பதில்ல கொஞ்சம் கேஷுவாலிட்டி வாசனை அடிக்கும், பொறுத்துக்கோங்க.

2. கடைக்காரர்கிட்ட போனா மெகாபிக்சல்ல ஆரம்பிப்பார். யூடியூப்ல பார்த்தா சென்சார்ல ஆரம்பிப்பாங்க. நான் கையில ஆரம்பிக்கிறேன். மலையில கேமராவைப் பத்தி கேக்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இது என் கையை எவ்வளவு நேரம் பிடிச்சு வெச்சுக்கும்?

3. ஏன்னா பாறை ஏறுறவங்க மத்தியில ஒரு பழைய விதி உண்டு. ரெண்டு கை, ரெண்டு கால், மொத்தம் நாலு. அதுல எப்பவும் மூணு மலையைத் தொட்டுக்கிட்டு இருக்கணும். ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும்தான் நகரலாம். பர்வதமலையில கடப்பாறை படியும் சங்கிலியும் பிடிச்சு ஏறினவங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம், உடம்பே கத்துக்கும். இப்ப ஒரு கையில கேமரா. மிச்சம் மூணு. அடுத்த அடிக்குக் காலைத் தூக்கினா ரெண்டு. கணக்கு அவ்வளவுதான்.

4. போன வருஷம் டூட்டியில ஒரு தம்பி வந்தார். இருபதுகளின் நடுவில் இருக்கும். மலை இறங்கும்போது சரளைக்கல்லுல கால் வழுக்கியிருக்கு. வலது கையில கேமரா. அதைக் காப்பாத்த அந்தக் கையை மேல தூக்கிட்டு, மொத்த உடம்பையும் இடது கையில ஊன்றி விழுந்திருக்கார். மணிக்கட்டு முள்கரண்டி மாதிரி வளைஞ்சிருந்தது. எக்ஸ்ரே பார்க்காமலே சொல்லிடலாம், ரேடியஸ் எலும்பு முறிஞ்சிருக்குன்னு. அவர் என்கிட்ட முதல்ல சொன்னது, "கேமராவுக்கு ஒரு கீறல்கூட இல்ல டாக்டர்".

5. சிரிப்பு வந்தது, ஆனா சிரிக்க முடியல. அவர் கைத்தொழில் செய்யறவர். ஆறு வாரம் மாவுக்கட்டு. அதுக்கப்புறம் பிடிமானம் திரும்ப பிசியோதெரபி. அரசு மருத்துவமனையில கட்டுக்குக் காசு இல்ல. ஆனா அந்த ஆறு வாரத்துச் சம்பளத்தை நாங்க தர முடியாதே. ஒரு கேமராவோட உண்மையான விலையில இதையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

6. இங்கேயே ஒரு மருத்துவக் குறிப்பு. கையை ஊன்றி விழுந்து, கட்டைவிரலுக்கு அடியில இருக்கிற குழியில அழுத்தினா வலிக்குதுன்னா, சுளுக்குன்னு எண்ணெய் தடவிட்டு விட்டுடாதீங்க. அங்க ஸ்கேஃபாய்டுன்னு ஒரு குட்டி எலும்பு இருக்கு. அதுல விரிசல் விட்டா முதல் எக்ஸ்ரேல தெரியாமலே போகலாம். பத்து, பதினாலு நாள் கழிச்சு மறுபடி எடுக்கச் சொல்வோம். அலட்சியமா விட்டா எலும்பு கூடாம, காலத்துக்கும் வலி நிக்கும்.

7. சரி, கேமராவுக்கு வருவோம். "போன்லயே நல்லா வருதே, தனிக் கேமரா எதுக்கு?" நியாயமான கேள்வி. என் பதில் படத் தரம் பத்தினது இல்ல. மலையில உங்க போன் கேமரா இல்ல, அது 108. வழி தவறினாலும், கூட வந்தவருக்கு நெஞ்சு வலின்னாலும், அதுதான் உயிர். விடிய விடிய வீடியோ எடுத்து 4 சதவீதத்துக்குக் கொண்டு வந்து வெச்சிருந்தா, சிக்னல் கிடைக்கிற இடத்துல போன் அணைஞ்சு போயிருக்கும். தனிக் கேமராவோட பெரிய லாபம், அதுக்குத் தனி பேட்டரி இருக்குங்கிறதுதான்.

8. "அப்போ டிஎஸ்எல்ஆரே எடுத்துட்டுப் போயிடறேன்." எடுத்துட்டுப் போகலாம், யார் வேண்டாம்னா? ஆனா சின்ன மாடல்கூட லென்ஸோட சேர்ந்தா பெரும்பாலும் 650 கிராமைத் தாண்டும். கழுத்துல தொங்கவிட்டா, குனிஞ்சு ஏறும்போது ஊஞ்சல் மாதிரி ஆடிப் பாறையில இடிக்கும். இறங்கும்போது அதைவிட மோசம், காலடியையே மறைக்கும். பைக்குள்ள வெச்சா, மூணாவது மலைக்கு மேல பையை இறக்கி எடுக்க யாருக்கும் மனசு வராது. கீழே வந்து பார்த்தா அடிவாரத்துல எடுத்த நாலு படம்தான் இருக்கும்.

9. அதனால காம்பாக்ட். அதுல மூணு ஜாதி இருக்கு. உதாரணத்துக்கு ஒவ்வொண்ணு சொல்றேன். விளம்பரம் இல்ல, யாரும் எனக்குக் காசு தரல.

முரட்டு ரகம்: ஓஎம் சிஸ்டம் டிஜி-7. 249 கிராம். 15 மீட்டர் ஆழம் வரை தண்ணி தாங்கும், 2.1 மீட்டர் உயரத்துல இருந்து விழுந்தா தாங்கும், மைனஸ் 10 டிகிரி வரை வேலை செய்யும்னு கம்பெனி சொல்லுது. லென்ஸ் வெளிய நீளாது, அதனால மண்ணு புகாது.

ஜூம் ரகம்: சோனி ஆர்எக்ஸ்100 வரிசை. 2012-ல வந்த முதல் மாடல் 240 கிராம். ஏழாவது மாடல் 302 கிராம், 24-ல இருந்து 200 மி.மீ. வரை ஜூம்.

ஒற்றை லென்ஸ் ரகம்: ரிகோ ஜிஆர் 3. 257 கிராம். பெரிய சென்சார், ஆனா ஜூம் கிடையாது, 28 மி.மீ. மட்டும்தான்.

10. சென்சார்னா என்ன? கண்ணுக்கு விழித்திரை மாதிரி. பெருசா இருந்தா மங்கல் வெளிச்சத்துல நல்லா பார்க்கும். டிஜி-7 சென்சார் சுமார் 28 சதுர மி.மீ. ஆர்எக்ஸ்100-ல சுமார் 116. ரிகோல சுமார் 366. பட்டப்பகல்ல இந்த வித்தியாசம் போன் திரையில உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனா ராத்திரியெல்லாம் ஏறி விடியற்காலையில உச்சிக்கு வர்ற நம்ம ஊர் மலைகள்ல, அந்த முதல் அரை மணி நேர வெளிச்சத்துல பளிச்சுன்னு தெரியும்.

11. அப்போ பெரிய சென்சார் ரிகோதான் பெஸ்ட்டா? தெருவுல, கல்யாண வீட்டுல அருமையான கேமரா. ஜூம் இல்லாத லென்ஸுக்குப் போட்டோகிராபர்கள் ஒரு வைத்தியம் சொல்வாங்க: "காலாலேயே ஜூம் பண்ணு". தூரமா வேணும்னா பின்னாடி நட, கிட்ட வேணும்னா முன்னாடி போ. சமதரையில நல்ல அறிவுரை. மலை விளிம்புல இதைவிட ஆபத்தான அறிவுரை கிடையாது. வ்யூவைப் பார்த்துக்கிட்டே பின்னாடி எடுத்து வைக்கிற அந்த ஒரு அடி இருக்கே, அதுக்கு எங்ககிட்ட மருந்து இல்ல.

12. மிகைப்படுத்துறேன்னு நினைக்காதீங்க. செல்ஃபி எடுக்கும்போது நடந்த மரணங்களை ஒரு இந்திய மருத்துவர் குழு செய்திகள்ல இருந்து திரட்டி 2018-ல வெளியிட்டாங்க. 2011 அக்டோபர்ல இருந்து 2017 நவம்பர் வரை உலகம் முழுக்க 259 பேர். அதுல அதிகம் பேர் இந்தியர்கள். தண்ணியில மூழ்கினது முதல் காரணம், வாகனங்கள் அடுத்தது, உயரத்துல இருந்து விழுந்தது மூணாவது. அவங்க யாரும் சாகணும்னு போனவங்க இல்ல. ஃபிரேம் சரியா வரணும்னு நினைச்சவங்க.

13. அதனால என் ஓட்டு, ஜூம் உள்ள ஒரு சின்ன கேமராவுக்கு. நின்ன இடத்துலயே நின்னு எடுத்துடலாம். மழைக்காலத்துல, ஓடை தாண்டிப் போறவங்கன்னா முரட்டு ரகம். படம் ஒரு படி குறையும், பரவாயில்ல. அது நனையுதேன்னு ஒரு கையால பொத்திக்கிட்டே நடக்க வேண்டாம், அந்தக் கை உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.

14. வாங்குறதுக்கு முன்னாடி கடையிலேயே ஒரு சோதனை. இடது கையால கடை மேசையை இறுக்கிப் பிடிச்சுக்கோங்க, அதுதான் பாறை. வலது கை மட்டும் வெச்சு கேமராவை உறையில இருந்து எடுங்க, ஆன் பண்ணுங்க, ஒரு படம் எடுங்க, ஆஃப் பண்ணித் திரும்ப உள்ள வையுங்க. பத்து விநாடிக்குள்ள முடியணும். இடது கை மேசையை விட்டுச்சுன்னா, அது உங்களுக்கான மலைக் கேமரா இல்ல. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

15. உறையை எங்க மாட்டணும்? பையோட தோள்பட்டியில, இல்ல இடுப்புப் பட்டையில. பேன்ட் பாக்கெட்ல வேண்டாம், தொடையைத் தூக்கும்போது அழுத்தும், வியர்வையும் இறங்கும். மணிக்கட்டு வார் நடைபாதைக்கு சரி. சங்கிலி, கம்பி பிடிச்சு ஏறுற இடம் வந்தா கேமரா உறைக்குள்ள, ஜிப் மூடணும். அங்க போட்டோவே கிடையாது.

16. ஏறும்போது மூச்சு, இறங்கும்போது முட்டி. இறக்கத்துல தொடைத் தசை நீண்டுகிட்டே உடம்பு எடையைத் தாங்குது, அதனாலதான் கால் நடுங்குது. போதாததுக்குத் தூக்கமும் இல்ல. வேலை முடிஞ்சதுன்னு மனசு வேற தளர்ந்திருக்கும். இறக்கத்துல தடியைப் பிடிக்க வேண்டிய கையில கேமரா இருக்கக் கூடாது. நில்லுங்க, ரெண்டு காலையும் ஊன்றுங்க, முடிஞ்சா உட்காருங்க, அப்புறம் எடுங்க. நடந்துக்கிட்டே எடுக்கிறது எந்தக் கேமராவுலயும் தப்பு.

17. ஆனா போட்டோவுக்காக நிக்கிறது ரொம்ப நல்ல பழக்கம்னும் சொல்லணும். மூச்சு வாங்குதுன்னு சொல்லக் கூச்சப்படுற அப்பாக்கள், "இருப்பா, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்"னு நிப்பாங்க. நிக்கட்டும். நீங்களும் கூட நில்லுங்க. ரெண்டு நிமிஷத்துல மூச்சு சீராகணும். ஆகலைன்னா, நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவுற வலி, குளிர்ந்த வியர்வைன்னா, அது போட்டோ பிரேக் இல்ல. ஏறுறதை அங்கேயே நிறுத்துங்க, உட்கார வையுங்க, உதவி கூப்பிடுங்க. மலை அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும்.

18. பராமரிப்பு சுருக்கமா. குளிர்ல பேட்டரி சீக்கிரம் இறங்கும், உபரி பேட்டரியை சட்டை உள்பாக்கெட்ல உடம்புச் சூட்டோட வையுங்க. பனியில இருந்து சூடான இடத்துக்கு வரும்போது கேமராவை ஜிப்லாக் கவர்ல மூடியே வையுங்க, ஈரம் கவருக்கு வெளிய படியும், லென்ஸுக்குள்ள போகாது. செட்டிங் எல்லாம் வீட்டுலயே முடிச்சிடுங்க. மலையில மெனு தேடுறவன் பாதையைப் பார்க்க மாட்டான்.

19. கடைசியா ஒரு டாக்டர் கதை. 1924 எவரெஸ்ட் குழுவுல ஹோவர்ட் சோமர்வெல்னு ஒரு அறுவை சிகிச்சை நிபுணர் இருந்தார். ஆக்சிஜன் இல்லாம 8,500 மீட்டர் கிட்ட வரை போய்த் திரும்பினவர். தன்கிட்ட இருந்த வெஸ்ட் பாக்கெட் கோடக் கேமராவை, அடுத்து உச்சிக்குக் கிளம்பின மல்லோரிக்குக் கொடுத்தார். கோட்டுப் பையில அடங்குற மடக்குக் கேமரா, பேரே அதுதான். ஜூன் 8-ம் தேதி மல்லோரியும் இர்வினும் மேகத்துக்குள்ள மறைஞ்சாங்க. 1999-ல மல்லோரியோட உடல் கிடைச்சது, கேமரா கிடைக்கல. அவங்க உச்சியைத் தொட்டாங்களான்னு அந்த ஃபிலிம் சொல்லும்னு இன்னிக்கும் தேடுறவங்க இருக்காங்க.

20. அந்த சோமர்வெல் அதுக்கப்புறம் எங்க இருந்தார் தெரியுமா? நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர்ல. அப்போ அது திருவிதாங்கூர். அங்க மிஷன் ஆஸ்பத்திரியில பல வருஷம் ஆபரேஷன் பண்ணினார், பிறகு வேலூர் சிஎம்சியில பாடம் எடுத்தார். உலகத்துலயே உயரமான மலைக்கு அவர் எடுத்துட்டுப் போனது பாக்கெட் கேமரா. அவரோட பெரிய சாதனைன்னு நான் நினைக்கிறது, அவர் இறங்கி வந்தது. இறங்கி வந்ததாலதான் நெய்யூர்ல அத்தனை பேருக்கு ஒரு சர்ஜன் கிடைச்சார்.

21. படம் எடுங்க, நிறைய எடுங்க. வீட்டுல காத்திருக்கிறவங்களுக்கு அதைக் காட்ட நீங்களே வரணும், அவ்வளவுதான். பத்திரமா ஏறுங்க, அதைவிடப் பத்திரமா இறங்குங்க.