சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் ஒரு சித்தி

பி.காம். முதல் வருஷத்தில் எங்கள் வாத்தியார் ஒருத்தர் இருந்தார். ஜர்னல் என்ட்ரி சரியாகவே போட்டிருந்தாலும் கீழே "பீயிங்..." என்று ஆரம்பித்து நேரேஷன் எழுதவில்லை என்றால் அரை மார்க் வெட்டுவார். "காசு போச்சு, சரி. எதுக்குப் போச்சுன்னு எவன் சொல்லுவான்?" என்பார். அந்த அரை மார்க்கின் அருமை புரிய எனக்கு இத்தனை வருஷமும், நாக்பூரில் ஒரு பழைய டிரங்குப் பெட்டியும் தேவைப்பட்டது.

அம்மா எங்களோடு நிரந்தரமாக இருக்க வந்தபோது மாயவரம் வீட்டிலிருந்து அந்தப் பெட்டியும் கூடவே வந்தது. உள்ளே முந்நூற்றுச் சொச்சம் போட்டோக்கள். உற்சாகமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தேன். ஒரு படத்தொகுப்பு மென்பொருளில் ஏற்றி ஒவ்வொரு முகத்துக்கும் பேர் போட்டேன். தங்கமணிக்கு ஒரே ஆச்சரியம், வீட்டில் நான் முழுசாக முடித்த முதல் வேலை அதுதானாம் :-) கம்ப்யூட்டர் மாறியது. புதுப் பொட்டியில் திறந்தால் படங்கள் இருக்கின்றன, ஒரு பேர்கூட இல்லை. நான் எழுதியதெல்லாம் அந்த மென்பொருளின் சொந்தக் கணக்குப் புத்தகத்தில் இருந்திருக்கிறது, படத்துக்குள் இல்லை.

இரண்டாவது முறை கேட்கலாம் என்று அம்மாவிடம் போனால், அதற்குள் அம்மா மாறியிருந்தார். போன தடவை படபடவென்று பதினோரு பேரைச் சொன்னவர் இந்தத் தடவை நாலு பேரோடு நின்றுவிட்டார். "தெரியலையேப்பா, நம்ம ஜனமாத்தான் இருக்கணும்" என்றார்.

அன்றைக்கு ராத்திரிதான் இதை ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். பெரிய ஆவணக் காப்பகங்களில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். படக் கோப்புக்குள்ளேயே குறிப்பை எழுதிவிடுவது. எக்ஸிஃப் என்பது கேமரா தானாக எழுதுவது: தேதி, லென்ஸ் இத்யாதி. ஐபிடிசி என்பது பத்திரிகைக்காரர்கள் தங்கள் செய்திப்படங்களுக்காக உண்டாக்கியது: தலைப்பு, விளக்கம், ஊர், எடுத்தவர், உரிமை. 2001ல் அடோபி கொண்டுவந்த எக்ஸ்எம்பி மூன்றாவது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் 2010லேயே, படத்துக்குள் குறைந்தபட்சம் என்னென்ன இருக்க வேண்டும் என்று தனியாக வழிகாட்டி போட்டிருக்கின்றன. எழுதுவதற்கு ஃபில் ஹார்வி என்பவர் 2003லிருந்து இலவசமாகவே தரும் எக்ஸிஃப்டூல் இருக்கிறது. கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும். பழைய பிராஞ்ச் கணினியில் பழகிய கைக்கு அது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

போட்டோவுக்குப் பின்னால் நாலு வரி இருப்பதில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு கதை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தன் கோயில் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008ல் ஐம்பது லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. அது திருட்டுச் சிலை என்று காட்டிக்கொடுத்தது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய போட்டோக்கள். கோயில் கோயிலாகப் போய் 1956லிருந்து அவர்கள் எடுத்துச் சேர்த்தவை. படத்தோடு கோயில் பேரும் ஊரும் இல்லாமல் இருந்தால் அது யாரோ ஒரு நடராஜர், அவ்வளவுதான். 2014 செப்டம்பரில் சாமி ஊர் திரும்பினார்.

சரி, நம்ம பெட்டிக்கு வருவோம். முதலில் எடுத்தது துலாக்கட்டப் படம். பின்பக்கம் தாத்தா கையெழுத்தில் "கடைமுகம்" என்று மட்டும் இருக்கிறது. வருஷம் இல்லை. (பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்துவிடுங்கள். நான் முதல் தடவை செய்யவில்லை.) ஊர் என்ற இடத்தில் "மயிலாடுதுறை" என்று அடித்தேன். "நீளம் அதிகம், வெட்டப்பட்டது" என்று எச்சரிக்கை. திறந்து பார்த்தால் "மயிலாடுதுற" என்று நிற்கிறது!

காரணம் தேடினேன். பழைய ஐபிடிசியில் ஊர்ப் பேருக்கு 32 பைட்தான் இடம். ஆங்கிலம் என்றால் 32 எழுத்து. யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் தின்னும், துணைக்காலும் கொம்பும் தனிக்கணக்கு. மயிலாடுதுறைக்குப் பதினோரு குறி, 33 பைட். ஒரே ஒரு பைட்டில் எங்கள் ஊர் வாலை இழந்தது. திருவண்ணாமலைக்காரர்கள் பாடு இன்னும் மோசம். எக்ஸ்எம்பியில் இந்த வெட்டு கிடையாது, அதனால் அதிலேயே எழுதுகிறேன். இன்னொரு சௌகரியம், விளக்கத்தை ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் வைக்கலாம். என் பெண்ணுக்கு மராத்தி மணிமணியாக வரும், தமிழ் எழுத்துக் கூட்டித்தான். அவளுக்காக ஆங்கிலத்திலும் ஒரு வரி போடுகிறேன்.

ஊர்ப் பேரிலும் ஒரு சிக்கல். அந்தப் படம் எடுத்த காலத்தில் ஊருக்கு மயிலாடுதுறை என்ற பேரே அரசாங்கக் கணக்கில் இல்லை, மாயூரம். வீட்டில் மாயவரம். தேடுகிறவர் எதைச் சொல்லித் தேடுவாரோ என்று மூன்றையும் குறிச்சொல்லாகப் போட்டுவிட்டேன்.

தேதி அதைவிடப் படுத்தியது. ஸ்கேன் செய்த நாளையே ஃபோன் பிறந்தநாளாக எடுத்துக்கொள்ள, 2023 தீபாவளிப் படங்களுக்கு நடுவில் அம்மா பாவாடை சட்டையில் நின்றுகொண்டிருந்தார். 1958 வாக்கில் இருக்கலாம் என்பது எங்கள் ஊகம். எக்ஸிஃபுக்கு "வாக்கில்" புரியாது, வருஷம் மாதம் நாள் நிமிஷம் வரை கேட்கும். எக்ஸ்எம்பி வெறும் வருஷத்தை ஏற்கும். "வாக்கில்" என்பதை விளக்கத்தில் எழுதினேன். தெரியாத நாளை ஜனவரி 1 என்று போடுகிற பழக்கம் நம் ஊர்ப் பிறந்த சர்ட்டிபிகேட்களோடு போகட்டும்.

பாவாடை சட்டையில் அம்மா என்றேன் அல்லவா? அங்கேதான் வம்பு. படத்தின் ஓரத்தில், படித்துறையின் கடைசிப் படியில், ஈரத்தலையோடு ஒரு பெண் குழந்தை. முதல் ஞாயிற்றுக்கிழமை, "அது நான்தான்" என்றார் அம்மா. மூன்றாவது ஞாயிறு அதே படத்தைக் காட்டியபோது ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவ தங்கச்சிடா. ஒம்பது வயசுல போயிட்டாளே."

"அம்மா, அன்னிக்கு நீதான்னு சொன்னியேம்மா?"

"அப்படியா சொன்னேன்?"

அந்தச் சித்திக்கு வேறு படமே கிடையாது. இது அம்மா என்றால், சித்தி எந்தக் காகிதத்திலும் இல்லை. அம்மா அவளைப் பற்றி என்னிடம் பேசியதே அன்றைக்குத்தான் முதல் தடவை. ஊரிலிருக்கும் மாமாவுக்குப் படத்தை அனுப்பினேன். அவர் அப்போது பிறக்கவே இல்லை. (மற்றவர்களுக்கு அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் பெரும்பாலான செயலிகள் உள்ளே எழுதியதைத் துடைத்துவிடும்.)

பேங்கில் தலைப்புத் தெரியாத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போட்டு வைப்போம். யாருடையது என்று தெரியும்வரை அங்கே இருக்கும், ஆனால் தொலையாது. அப்படியேதான் செய்தேன். "படத்தில் இருப்பவர்" என்ற இடத்தை விட்டுவிட்டு, விளக்கத்தில் இரண்டு பேரையும் எழுதினேன். எந்தத் தேதியில், யார், எதைச் சொன்னார் என்பதையும் சேர்த்து.

எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சித்தி பேர் வந்த இடத்தில், "இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். அப்புறம் தானாகவே, அவளுக்குத் தலை துவட்டிவிட்டது தான்தான் என்றும், துண்டு கொண்டுவர மறந்து பாட்டியின் புடவைத் தலைப்பில் துவட்டியதாகவும் சொன்னார். அதையும் தேதி போட்டு விளக்கத்தில் சேர்த்துவிட்டேன்.

இன்னும் இருநூற்றுப் பத்துப் படம் பாக்கி. ஞாயிறு காலை, இட்லிக்கு அப்புறம், வெயில் ஏறுவதற்குள் நாலு படம்தான் முடிகிறது. அதற்கு மேல் அம்மாவுக்குத் தூக்கம் வந்துவிடும்.